கார்பன் ஃபைபர் ஜன்னல் கழுவும் கம்பு: சுத்தம், பராமரிப்பு, பழுது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடி முகப்பு வைத்த கட்டடங்களையும் மாடியில் இருக்கும் சோலார் பேனல்களையும் தரையில் நின்றபடியே கழுவ உதவும், நீட்டி மடக்கும் கார்பன் கம்பைப் பற்றிய பக்கம் இது. கம்பின் உள்ளே மெல்லிய ஹோஸ் ஓடும். அதன் வழியாக, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெஷினிலும் மிச்ச உப்பை ஈர்க்கும் டி.ஐ. ரெசின் மணிகளிலும் வடித்த தண்ணீர் நுனியில் இருக்கும் பிரஷுக்குப் போகும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்களில் கீழே இருக்கும் தடித்ததை அடிக்குழாய் என்றும், உச்சியில் இருக்கும் மெல்லியதை நுனிக்குழாய் என்றும் இங்கே சொல்கிறோம். ஒவ்வொரு குழாயின் மேல் முனையிலும் ஒரு கிளாம்ப் இருக்கும். அதற்கு மேலே வரும் குழாயைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

நாள் முழுக்கத் தண்ணீரில்தானே இருக்கிறது, கம்பைத் தனியாக வேறு கழுவ வேண்டுமா?

கட்டாயம் கழுவ வேண்டும். கம்புகளில் பெரும்பாலானவை கீழே விழுந்து சாவதில்லை, மண்ணால் சாகின்றன. வடித்த தண்ணீர் கம்பின் உள்ளே ஹோஸில் போகிறது. வெளியே வழிந்து இறங்குவது கண்ணாடியிலிருந்து கழன்ற அழுக்குத் தண்ணீர். அதில் சாலைத் தூசி, சிமென்ட் மாவு, பறவை எச்சம் எல்லாம் கலந்திருக்கும். அது குழாயின் மேல் படிந்த நிலையில் கம்பை மடக்கினால், அத்தனையும் இரண்டு குழாய்களுக்கு நடுவே போய் உட்காரும். அங்கே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அடுத்த முறை நீட்டும்போது உள்ளே உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான்.

நல்ல நிலையில் இருக்கும் கம்பை இழுத்தால் "சர்"ரென்று வரும். "நறநற"வென்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தச் சத்தத்தோடு நீட்டி மடக்குவதை வழக்கமாக்கினால் மேல்பூச்சு சீக்கிரமே போய்விடும். குழாய்ச் சுவரின் தடிமனே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், தேய்ந்து போக அதில் அதிகம் மிச்சம் இல்லை.

தினமும் வேலை முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

மடக்கும்போதே துடைத்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் மற்ற பராமரிப்பில் பாதி குறையும். இடது கையில் ஈரமான மைக்ரோஃபைபர் துணி. வலது கையால் கிளாம்பைத் திறந்து, மேல் குழாய் கீழே இறங்கும்போது துணியால் வளைத்துப் பிடித்து, அதன் வழியாகவே இறங்க விடுங்கள். முதலில் அடியில் இருக்கும் கிளாம்ப், பிறகு அதற்கு மேலே உள்ளது, கடைசியாக நுனி. நீட்டும்போது இதற்கு நேர் எதிர்: நுனிக்குழாயை முதலில் இழுத்து, ஒவ்வொன்றாக அடிக்குழாய் வரை வர வேண்டும். அப்படிச் செய்தால்தான் கிளாம்ப் எல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்.

துணியை இரண்டு மூன்று குழாய்க்கு ஒருமுறை அலசுங்கள். அலசாத துணி மண்ணை ஒரு குழாயிலிருந்து எடுத்து அடுத்த குழாய்க்குக் கொண்டுபோகும். கையை எடுத்துவிட்டுக் குழாயைத் தடாலென்று விழ விடுவதும் வேண்டாம். விரல் நசுங்குவது ஒரு பக்கம் இருக்க, மேல் கிளாம்ப் கீழ்க் கிளாம்பில் மோதி மோதி ஒட்டு விட்டுப்போகும்.

கடைசியாக, அடிக்குழாயின் மூடியைக் கழற்றி உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூடியைத் திறந்த நிலையிலேயே இரவு முழுக்கச் சாய்த்து வையுங்கள்.

முழுதாகக் கழற்றிக் கழுவுவது எப்படி? எவ்வளவு நாளுக்கு ஒருமுறை?

தினமும் வேலை இருந்தால் வாரம் ஒருமுறை. புதிதாகக் கட்டி முடித்த கட்டடத்தில் வேலை என்றால் நாள் கணக்கெல்லாம் கிடையாது, அன்றன்றைக்கே. சிமென்ட் தூசி ஈரம் பட்டால் இறுகிவிடும். ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் உரித்து எடுப்பது பெரும்பாடு.

தார்ப்பாயோ பழைய போர்வையோ விரித்துக்கொள்ளுங்கள். வெறும் தரையில் குழாயை வைத்தால் கழுவியது வீண். பிரஷையும் அதைக் கம்போடு இணைக்கும் வளைகழுத்தையும் கழற்றி, ஹோஸை அடிப்பக்கமாக உருவி எடுங்கள். பிறகு ஒவ்வொரு கிளாம்பாகத் திறந்து, நுனிக்குழாயிலிருந்து தொடங்கி மேல்பக்கமாக உருவுங்கள். சில மாடல்களில் குழாய் முழுதாக வெளியே வந்துவிடாதபடி உள்ளே ஒரு தடை வைத்திருப்பார்கள். அது தட்டினால் பலம் போட்டு இழுக்காதீர்கள். அந்தத் தடையைக் கழற்றும் வழி கையேட்டில் இருக்கும். ஒரே மாதிரி தெரியும் குழாய்கள் மாறிப்போகாமல் இருக்க, கிளாம்ப் மேல் பெயின்ட் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதி வைப்பது நல்லது.

5 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. போதும். நுரை அதிகமானால் சுத்தம் அதிகமாகாது, அலசும் வேலைதான் கூடும். ஆனால் துணி போடுவதற்கு முன் சாதாரண ஹோஸில் தண்ணீரை ஓடவிட்டு மண்ணை இறக்கிவிட வேண்டும். மண்ணோடு துணியைத் தேய்த்தால் கழுவுவதே கீறலாகிவிடும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் நீளவாக்கில் துடையுங்கள். கிளாம்பின் உதட்டைச் சுற்றியும், அது குழாயைப் பிடிக்கும் உள்பரப்பிலும், வெட்டு விட்டிருக்கும் இடுக்கிலும் பழைய பல் துலக்கும் பிரஷ் போட்டு எடுங்கள். மண் அதிகமாக ஒளிந்திருப்பது அங்கேதான்.

குழாயின் உள்பக்கம் கை போகாது. மெல்லிய நைலான் கயிற்றின் நடுவில் துணியைக் கட்டி, ஒரு முனையில் சின்ன மரக்கட்டையோ ரப்பர் துண்டோ கட்டுங்கள். குழாயை நிமிர்த்தி அதை உள்ளே இறக்கி, மறுபக்கம் வழியாக இழுத்தால் துணி உள்சுவரைத் துடைத்துக்கொண்டே வெளியே வரும். எடைக்கு இரும்பு நட்டு கட்ட வேண்டாம், உள்ளே கோடு போடும். வெளிவந்த துணியை வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாக இருந்தால் அது மண், இன்னொரு முறை இழுக்க வேண்டும். மை மாதிரி கருப்பாக இருந்தால் கீழே "கையில் கருப்பு" என்ற கேள்வியைப் பாருங்கள்.

சோப்பு துளியும் இல்லாமல் அலசி, கடைசித் தண்ணீராக உங்கள் ஆர்.ஓ. தண்ணீரையே விட்டு, நிழலில் சாய்த்து நிறுத்துங்கள். கோடையில் ஒரு மணி நேரம் போதும். ஐப்பசி மழையில் ராத்திரி முழுக்கக்கூட ஆகலாம். உள்ளே ஈரம் வைத்து மடக்கினால் நாற்றமும் பாசியும் வரும்.

திரும்பக் கோர்க்கும்போது குழாயை நேர்க்கோட்டில் பிடித்து நுழைத்துவிடுங்கள். சாய்ந்தால் மேல் குழாயின் விளிம்பு கீழ்க் குழாயைச் சுரண்டும். உள்ளே குழாய் இல்லாத கிளாம்பின் லீவரை மட்டும் ஒருபோதும் மூடாதீர்கள். தாங்கிப் பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லாததால் நசுங்குவது குழாயின் வாய்தான். கழுவும்போது விளையாட்டாகத் "டப்"பென்று மூடியதில் புதுக் கம்பு கீறல் விடுவது உண்டு.

கம்பைக் கழுவ போர் தண்ணீர் போதாதா?

மண்ணை இறக்கப் போதும், கடைசி அலசலுக்குப் போதாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை விடலாம் என்கிறது. பல ஊர்களின் போர் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. கண்ணாடியில் கறை விடாமல் காய வேண்டுமென்றால் 10-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆயிரம் உள்ள தண்ணீரைக் குழாய் மேல் காய விட்டால் வெள்ளைப் பொரி மாதிரி உப்பு படியும். அதுவும் மண் செய்யும் வேலையைத்தான் செய்யும்.

ஏற்கெனவே படிந்திருந்தால், 5 சதவீத வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். பிறகு துடைத்து நன்றாக அலசுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது கிளாம்பின் ஸ்குரு, நட்டு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் அரித்துவிடும்.

பிரஷர் வாஷரில் அடிக்கலாமா?

வேண்டாம். மண்ணை வெளியே தள்ளுவதற்குப் பதில் இடுக்குக்குள் தள்ளும். குழாய் முனையில் இழை லேசாகப் பிரிந்திருந்தால் அந்தப் பிரிவை இன்னும் பெரிதாக்கும்.

வழுக்கிக்கொண்டு வர தேங்காய் எண்ணெய், டபிள்யூ.டி.-40, கார் பாலிஷ் ஏதாவது போடலாமா?

எதுவும் கூடாது. கம்பு நிற்பதே கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் பிடிப்பில்தான். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுவிட்டுப் பத்து மீட்டர் உயரத்தில் பிரஷைத் தூக்கி நிறுத்துவது எந்தக் கணக்கிலும் சரி வராது. தவிர, எண்ணெய் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் வழுக்கும், ஒரு வாரத்தில் அரைக்கும் பசையாகிவிடும்.

சிலிக்கோன் கலந்த பாலிஷில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்து கண்ணாடியிலும் படலமாகலாம். பின்னாளில் கிளாம்பை மீண்டும் ஒட்ட வேண்டி வந்தால் எப்பாக்ஸி அந்த இடத்தில் பிடிக்காது. சுத்தமான குழாய்க்கு எந்த எண்ணெயும் தேவைப்படாது. தேவைப்படுவதாகத் தோன்றினால் உள்ளே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

யாராவது ஏற்கெனவே போட்டுவிட்டார்களா? சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். தின்னர், அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். மேல்பூச்சையும் பிளாஸ்டிக் கிளாம்பையும் சேர்த்துத் தின்னும்.

கிளாம்ப் மூடிய பிறகும் குழாய் இறங்குகிறது. இன்னும் இறுக்க வேண்டியதுதானே?

முதலில் துடையுங்கள், பிறகு இறுக்குங்கள். வழுக்குவதற்குச் சோப்பு, எண்ணெய், நைஸான மண் என்று ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். உள்பரப்பையும் குழாயையும் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள்.

அதன் பிறகும் இறங்கினால் லீவருக்கு எதிரே இருக்கும் நட்டையோ ஆலன் ஸ்குருவையோ கால் சுற்று திருப்புங்கள். மூடிப் பாருங்கள், தேவையானால் இன்னொரு கால் சுற்று. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் எதிர்த்துவிட்டு லீவர் மூட வேண்டும், அதுதான் அளவு. இரண்டு கை போட்டு மூட வேண்டியிருந்தால் அளவு தாண்டிவிட்டது. கார்பன் குழாய் நீளவாக்கில் இழுத்தால் இரும்பு, பக்கவாட்டில் நசுக்கினால் அப்பளம். அதிகம் இறுக்கியதால் வரும் விரிசல் கிளாம்புக்கு அடியிலேயே தொடங்குவதால், கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

சோதிக்க, ஒரே ஒரு குழாயை மட்டும் நீட்டிப் பூட்டி, ரப்பர் பாய் மேல் நிமிர்த்தி, மேலிருந்து கையால் ஊன்றி அழுத்துங்கள். அசையாமல் நின்றால் சரி. இப்படி ஒவ்வொரு கிளாம்பாகப் பாருங்கள். ஒரே ஒரு கிளாம்ப் மட்டும், அதுவும் குழாயின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வழுக்கினால், கோளாறு கிளாம்பில் இல்லை, அந்த இடத்தில் குழாய் தேய்ந்திருக்கிறது. எப்போதும் ஒரே உயரத்தில் பூட்டுபவர்களுக்கு இது நடக்கும். சில செ.மீ. தள்ளிப் பூட்டிப் பழகுங்கள். ஆனால் குழாயில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி நீட்டக் கூடாது. உள்ளே மிச்சம் நிற்கும் நீளம்தான் வளைவைத் தாங்குகிறது. அது குறைந்தால் பாரம் முழுதும் குழாய் வாயில் வந்து விழும்.

கம்பைப் பிடித்த கையில் கருப்பு ஒட்டுகிறது. ஆபத்தா?

புதுக் கம்பில் முதல் சில நாள் ஒட்டினால் அது தயாரிப்பில் மிஞ்சிய தூள், கழுவினால் நின்றுவிடும். பழைய கம்பில் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் மேல்பூச்சு போய்விட்டது, அதற்கடியில் உள்ள கார்பன் இழையும் அதைப் பிணைக்கும் ரெசினும் தேய்கின்றன என்று பொருள். விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் கழுவிவிட்டுத் தொடர்ந்து வேலை செய்யலாம். துணி நூல் மாதிரி நெருடினால் இழை வெளியே வந்துவிட்டது. அந்தக் குழாயை மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் நேரம் அது.

வெறுங்கையால் தடவாதீர்கள். கார்பன் சிலாம்பு தோலில் ஏறினால் நறுக்கென்று ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். ஏறிவிட்டால் தேய்க்காமல், ஒட்டு டேப்பை அழுத்தி உரித்துப் பாருங்கள். வராவிட்டால் சுத்தம் செய்த இடுக்கியால் எடுங்கள். ஆழமாக இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

கிளியர் வார்னிஷ் அடித்துச் சரிசெய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கையால் பிடிக்கும் அடிக்குழாயின் வெளிப்பக்கம் அடிக்கலாம். உள்ளே போய்வரும் குழாய்களில் அடித்தால் இடைவெளி அடைத்துக் கம்பு சிக்கும்.

இரண்டு குழாய் சிக்கிக்கொண்டு வரவே இல்லை.

சுத்தியல், ஹீட் கன், வைஸ் மூன்றும் வேண்டாம். கிளாம்பை முழுதாகத் திறந்து, சிக்கிய இடத்தை மேலே வைத்துக் கம்பை நிமிர்த்துங்கள். இடுக்கில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே கால் மணி நேரம் காத்திருங்கள். மண் என்றால் கரைந்து இறங்கும். உப்புப் பொரி என்றால் மேலே சொன்ன வினிகர்த் தண்ணீரை விடுங்கள். பிறகு ரப்பர் கையுறை போட்ட இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். உருண்டையான குழாய் என்றால் லேசாக இப்படியும் அப்படியும் திருகலாம். சுழலாமல் இருக்கப் பள்ளம் வைத்த குழாய் என்றால் திருகக் கூடாது, பள்ளத்தின் விளிம்பு பிய்ந்துவிடும்.

வெளியே வந்ததும் எதனால் சிக்கியது என்று பார்க்காமல் திரும்பக் கோர்க்காதீர்கள். ஒரு மணல் பரல் குழாயில் நீளமாகக் கோடு போட்டிருக்கும், விரலில் தட்டுப்படும்.

விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாதம் ஒருமுறை, கழுவிக் காய்ந்த குழாயை எடுத்து ஒரு ரூபாய் நாணயத்தால் முனையிலிருந்து முனை வரை தட்டிக்கொண்டே போங்கள். "டிக் டிக்" என்று ஒரே மாதிரி வர வேண்டும். ஓரிடத்தில் "தொத் தொத்" என்று மழுங்கினால் உள்ளே படலம் பிரிந்திருக்கிறது. பானை வாங்குபவர் தட்டிப் பார்க்கும் அதே கதைதான். கூடவே வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாக முடி போல் ஒரு கோடு, வட்டமான மங்கல், முனையில் நூல் பிரிந்தது எல்லாம் அடையாளம்.

அதிகம் பார்க்க வேண்டியது குழாய் முனைகள், கிளாம்ப் உதட்டுக்கு ஒரு விரல் மேலே, கீழே விழுந்தபோது படிக்கட்டு விளிம்பிலோ நடைபாதைக் கல்லிலோ அடிபட்ட இடம். அடிபட்ட கார்பன் அலுமினியம் மாதிரி நசுங்கிக் காட்டாது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பிரிந்திருக்கும். விழுந்த கம்பை நாணயத்தால் தட்டிப் பார்க்காமல் உயரத்துக்குத் தூக்காதீர்கள்.

விரிசலை டேப் சுற்றியோ அரால்டைட் வைத்தோ ஒட்டலாமா?

குழாயின் நடுவில் விரிசல் என்றால் முடியாது, அந்தக் குழாயை மாற்ற வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் தனிக்குழாய் விற்கின்றன. டேப் சுற்றுவது விரிசலை மறைக்கும், பாரத்தைத் தாங்காது.

விரிசல் முனையில், இரண்டு மூன்று செ.மீ.க்குள் இருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டுக் கிளாம்பை மீண்டும் ஒட்டலாம். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று சுற்றி, இஞ்சுக்கு 32 பல் உள்ள ஹாக்ஸா பிளேடால், குழாயைத் திருப்பித் திருப்பி மெதுவாக அறுங்கள். ஒரே பக்கமாக அறுத்து முடித்தால் கடைசி நூலிழைகள் பிய்ந்து வரும். வெட்டிய விளிம்பை 240, பிறகு 400 உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். காய்ந்த நிலையில் தேய்த்தால் தூள் பறக்கும். என்-95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் வேண்டும். அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சுவிட்ச் போர்டு, டிரில்லிங் மெஷின் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

விளிம்பில் மெல்லிய எப்பாக்ஸிப் பூச்சு கொடுத்தால் தண்ணீர் இழைக்குள் ஏறாது. கிளாம்ப் ஒட்ட, பழைய பசையைச் சுரண்டி, இரண்டு பரப்பையும் லேசாக உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட மெதுவாக இறுகும் வகை தண்ணீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். குழாயின் அடிமுனையை வெட்டியிருந்தால், வெட்டிய நீளம் அளவுக்கு எல்லைக் கோட்டையும் மேலே தள்ளிப் போட மறக்காதீர்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

வெயிலில் வைத்தால் கெடுமா?

இந்தக் கம்புகளின் கையேடுகளில் பல குளிர் நாடுகளில் எழுதியவை. ஹோஸில் தண்ணீர் உறைந்துவிடும், கவனம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். நமக்கு அந்தக் கவலை இல்லை, நம் கவலை சூடு.

குழாயே சூட்டில் வார்த்தது, எளிதில் இளகாது. கிளாம்பை ஒட்டியிருக்கும் பசைதான் பலவீனம். அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்ஸிகள் பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் சூடு அதைத் தொட்டுவிடும். அந்த நேரத்தில் கிளாம்பைப் பிடித்துத் திருகினால் கையோடு வரும். வண்டியிலிருந்து எடுத்த கம்பை முதலில் நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, பிறகு நீட்டுங்கள். மாதக்கணக்கில் மொட்டை மாடியில் போட்டு வைத்தால் புற ஊதாக் கதிரால் மேல்பூச்சு மஞ்சளாகி மாவாக உதிரும்.

கடற்கரைப் பக்கம் வேலை செய்கிறோம். தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஈ.சி.ஆர்., ராயபுரம், தூத்துக்குடி மாதிரி இடங்களில் உப்புக்காற்று கார்பனை ஒன்றும் செய்யாது, கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தைத்தான் செய்யும். கார்பனும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் அரிக்கப்படும். அலுமினிய வளையம், ரிவெட், வளைகழுத்தின் பொருத்து ஆகியவற்றைச் சுற்றி வெள்ளை மாவு பூத்தால் அதுதான். அங்கெல்லாம் தினமும் ஆர்.ஓ. தண்ணீரில் அலச வேண்டும். நட்டு, ஸ்குரு மாற்றினால் 316 ஸ்டெயின்லெஸ் போடுங்கள். கையில் கிடைத்த அலுமினிய ரிவெட்டை அடித்துவிடாதீர்கள்.

ஹோஸ் உள்ளே பச்சையாகப் பாசி பிடிக்கிறது.

வெளிச்சம் புகும் ஹோஸில் தண்ணீர் தேங்கினால் பிடிக்கத்தான் செய்யும். வேலை முடிந்ததும் ஹோஸை வடித்துவிட்டு இருட்டில் சுருட்டி வைத்தால் பெரும்பாலும் வராது. வந்துவிட்டால், ஹோஸை ஆர்.ஓ. மெஷினிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, 5 லிட்டர் தண்ணீரில் 5 சதவீத ஹைப்போகுளோரைட் 20 மி.லி. கலந்து உள்ளே நிரப்பி, கால் மணி நேரம் விட்டு நன்றாக அலசுங்கள். கழற்ற வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், குளோரின் பட்டால் ஆர்.ஓ. மெம்பிரேன் பாழாகிவிடும்.

கம்பின் ஆரோக்கியத்துக்கும் ஹோஸுக்கும் தொடர்பு உண்டு. தரையில் புரண்ட ஹோஸ் அப்படியே கம்புக்குள் ஏறும்போது மண்ணையும் ஏற்றிக்கொண்டு போகிறது. அடியில் ஹோஸ் நுழையும் இடத்தில் ஒரு துணியைப் பிடித்துத் துடைத்தபடியே விடுங்கள்.

பிரஷும் ஜெட்டும்?

பிரஷை முடி மேல் நிறுத்தி வைக்காதீர்கள், ஒரு பக்கமாக மடங்கிப்போகும். பிரஷில் தண்ணீர் பீய்ச்சும் ஜெட்டில் ஒரு பக்கம் தண்ணீர் சாய்ந்து பீய்ச்சினால் உள்ளே டி.ஐ. ரெசின் மணியோ பாசித் துணுக்கோ இருக்கும். ஜெட்டைக் கழற்றிப் பின்பக்கமாகத் தண்ணீர் அடித்து எடுங்கள். ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி, அப்புறம் எப்போதுமே கோணலாகத்தான் பீய்ச்சும்.

மின்கம்பி பக்கத்தில் வேலை செய்யலாமா?

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான கார்பன் கம்பும் அதைப் பிடித்திருக்கும் ஈரக் கையும் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. 11,000 வோல்ட் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். அதனால் விதி இதுதான்: முழு நீளத்துக்கு நீட்டிய கம்பு எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் எந்த மின்கம்பியையும் நெருங்காத இடத்தில் மட்டுமே அதைத் தூக்கலாம். அடிக்குழாயில் இருக்கும் மின் எச்சரிக்கை ஸ்டிக்கர் கழுவிக் கழுவி உரிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள். கம்பைத் தூக்கும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். மேலே பார்க்கச் சொல்லி ஞாபகப்படுத்துவது அந்த ஸ்டிக்கர்தான்.

கிளாஸ் ஃபைபர் கம்பானாலும் மின்கம்பிக்கு இதே விதிதான். வழியும் அழுக்குத் தண்ணீரும் கடத்தும்.

வண்டியில் எப்படிக் கொண்டுபோவது?

4 இஞ்ச் பி.வி.சி. பைப்பை வண்டிக் கூரையில் கட்டி, இரண்டு முனைக்கும் மூடி போட்டு, மூடியில் காற்றோட்டத்துக்கு நான்கு ஓட்டை போட்டால் போதும். வெளிர் நிறப் பைப் சூடு குறைவாக ஏறும். வாங்குவதற்கு முன் உங்கள் கம்பின் பெரிய கிளாம்ப் உள்ளே போகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். நேரடியாகக் கேரியரில் கட்டினால் அடியில் ரப்பர் வைத்து, அகலமான நாடாவால் கட்டுங்கள். கயிற்றைப் போட்டு முறுக்கி இறுக்குவது, மேலே சொன்ன அப்பளத்தை நசுக்கும் வேலை. கம்புக்கு மேல் ஏணியை ஏற்றிக் கட்டவும் கூடாது.

பழைய கம்பு விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முழுதாகக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற வரவில்லை என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடலாம். கழற்றியதும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள், முனைகளைப் பாருங்கள், கிளாம்ப் நட்டு எவ்வளவு தூரம் இறுகியிருக்கிறது என்று பாருங்கள். நட்டு கடைசி மரை வரை போயிருந்தால் குழாய் தேய்ந்து மெலிந்ததை இறுக்கி ஈடுகட்டியிருக்கிறார்கள். குழாய்களின் நீளத்தை அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் அது வெட்டி ஒட்டியது, எல்லைக் கோடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடைசியாக ஒரு வெள்ளைத் துணியை நனைத்து நுனிக்குழாயை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணி கருத்தால், ஒரு நுனிக்குழாயின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.